நகலுக்கு ஏன் இத்தனை விலை?

பீரங்கியைக் கொண்டு நிலத்தை அளக்க முடியுமா என்று யாரேனும் கேட்டால், கடலூர்ப் பகுதி மக்கள் முடியும் என்றே விடை பகர வேண்டும். 1690-ஆம் ஆண்டு தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தொலைவில் சென்று விழுமோ, அவ்வளவு தொலைவிலுள்ள நிலமும் ஊர்களும் விலையில் அடக்கம் என்பது உடன்பாடு. கும்பினியார் கணக்கில் கெட்டிக்காரர்கள். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். கடலூரும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அந்த வட்டத்துக்குள் வந்தன. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அதன் பின் நிலைத்தது. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப் பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று துப்பாக்கி மற்றவற்றின் விலையைத் தீர்மானித்தது. இன்று துப்பாக்கியின் நகலுக்கே ஒரு விலை கேட்கிறார்கள். அந்த விலையோ நம்மைத் திகைக்க வைக்கிறது. அமெரிக்க நாட்டில், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வழக்கிலிருந்த கேட்லிங் என்னும் கைப்பிடி சுழற்றும் துப்பாக்கியைப் பழைய அச்சில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 1877-ஆம் ஆண்டு மாதிரியின் நகலொன்று கோல்ட் நிறுவனத்தின் பெயரோடு சுமார் 50,000 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நம் பணத்தில் நாற்பது இலட்சம் ரூபாய்க்கும் மேல். எந்தப் படையும் அதை இன்று தொடாது. அமெரிக்கத் தரைப்படையே 1911-இல் அதைக் காலாவதியானதென்று ஒதுக்கிவிட்டது. பயனற்ற ஒன்றின் படிக்கு ஒரு வீட்டின் விலையா? இது வெறும் வணிகக் கேள்வி என்று தோன்றலாம். ஆனால், ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று கேட்கத் தொடங்கினால், அறவியலின் வாசலுக்கே வந்துவிடுகிறோம்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சிறிது. கரும்புச் சாறு பிழியும் வண்டியை வாசகர்கள் கண்டிருப்பார்கள். சக்கரத்தைக் கை சுழற்றுகிறது; உருளைகள் உருள, கரும்பு உள்ளே போகிறது, சக்கை மறுபக்கம் விழுகிறது. கேட்லிங்கும் ஏறத்தாழ அப்படித்தான். ஓர் அச்சைச் சுற்றி ஐந்து முதல் பத்துக் குழல்கள். கைப்பிடியைச் சுழற்றினால் குழல்கள் அனைத்தும் சேர்ந்து சுழலும். மேலேயுள்ள பெட்டியிலிருந்து தோட்டா தன் எடையாலேயே ஒவ்வொரு குழலுக்கும் விழும்; சுற்றின் ஒரு புள்ளியில் வெடிக்கும்; இன்னொரு புள்ளியில் வெற்றுக்கூடு வெளியே தள்ளப்படும். ஒரு குழல் சுடும்போது மற்றவை ஆறிக்கொண்டிருக்கும். தொடக்கத்திலேயே நிமிடத்துக்கு இருநூறு குண்டுகள் வரை.

இதை உருவாக்கிய ரிச்சர்டு ஜோர்டன் கேட்லிங் (1818–1903) அதற்கு முன்பே பெயர் பெற்றது உழவர்களிடையே. விதை விதைக்கும் எந்திரம் அவருடைய கண்டுபிடிப்பு. மருத்துவமும் படித்தவர், மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. 1862 நவம்பரில், உள்நாட்டுப் போரின் நடுவே, துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் அதைச் செய்தார் என்பதைப் பின்னாளில் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்: போருக்குச் சென்ற வீரர்களுள் நோயால் மாண்டவர்களே மிகுதி என்று கண்டாராம், ஒருவன் நூறு பேரின் வேலையைச் செய்யும் துப்பாக்கி இருந்தால் பெரும்படைகள் தேவைப்படா, அதனால் சாவும் குறையும் என்று நம்பினாராம். நல்ல மனத்தோடு செய்த கணக்குதான். ஆனால், படைகள் சிறுக்கவில்லை. 1884-இல் மாக்சிமின் தானியங்கித் துப்பாக்கி வந்தபோது கையும் தேவையற்றுப் போயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து ஐரோப்பா முழுவதும் அகழிகளில் கிடந்தது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா கனவு கண்டார். யோவேல் நூலிலோ அதே உருவகம் தலைகீழாக வருகிறது. கேட்லிங்கின் வாழ்வு யோவேலின் வழியில் சென்றது எனலாம். ஆயினும் முதுமையில் அவர் எந்திரக் கலப்பை ஒன்றைச் செய்வதில் முனைந்திருந்தார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

இனி விலைக்கு வருவோம்.

பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. ஒரு சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு குழல். இதற்கு ஐந்தோ ஆறோ பத்தோ. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் திருகு வரிகள் வெட்ட வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே ஒரு சுடுபொறி. அவை முன்னும் பின்னும் ஓடுவதற்குச் சாய்வான காடி ஒன்றைத் துல்லியமாகக் கடைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் தோட்டா சிக்கிக்கொள்ளும். சிக்கிய தோட்டா தவறான இடத்தில் வெடித்தால் சுழற்றுபவனுக்கே ஆபத்து. மேலுறையும் தாங்கியும் பித்தளை, வெண்கல வார்ப்பு வேலை. பிறகு சக்கர வண்டி, மரவேலை, கொல்லுவேலை. இத்தனைத் தொழில்களும் ஒரே பட்டறையில் அமைவது அரிது. அமைந்தாலும் உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி, அராவித் தேய்த்து, மீண்டும் பொருத்துவதற்குக் கைதேர்ந்தவரின் நாட்கள் பல வேண்டும்.

இவற்றையெல்லாம் ஆயிரக்கணக்கில் செய்தால் செலவு குறையும். அச்சுக்கும் கடைசல் கருவிகளுக்கும் ஆகும் முதலை ஆயிரம் பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஆனால், கேட்லிங் நகலை வாங்குபவர் எத்தனை பேர்? சிலரே. ஆகவே அந்த முதல் முழுவதும் அந்தச் சிலரின் தலையில் விழுகிறது. நம் சிற்றூர்த் தையற்காரரிடம் ஒரே ஒரு அங்கி தைக்கக் கொடுப்பதற்கும், ஈரோட்டில் மொத்தமாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. அதற்குமேல் துப்பாக்கி செய்வதற்கான உரிமக் கட்டணம், விபத்து நேர்ந்தால் வழக்குக்கு அஞ்சிக் கட்டும் காப்பீடு, அந்நாட்டில் நீண்ட குழல் துப்பாக்கிகளின் மேல் விதிக்கப்படும் 11 விழுக்காட்டுத் தனி வரி. பழைய அசல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் இலட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஐம்பதாயிரம் என்பது ஆசைக்கு எட்டும் தொகையாகத் தோன்றிவிடுகிறது.

இவற்றோடு சட்டமும் ஒரு காரணம். உள்ளபடியே சுவையான காரணம் இதுதான். அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விசையை ஒரு முறை இயக்கினால் தானாகவே பலமுறை சுடுவது எந்திரத் துப்பாக்கி. 1986 மே மாதத்துக்குப் பின் செய்யப்பட்ட எந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. ஆகவே அதற்கு முற்பட்டவை குதிரைவிலையில் விற்கின்றன. கேட்லிங்கோ அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. தானாகச் சுடுவதன்று, கை சுழற்றினால்தான் சுடும், கை நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று காரணம் காட்டி, அது எந்திரத் துப்பாக்கி ஆகாதென 1955-இல் அந்நாட்டு வரித்துறை முடிவு சொல்லிற்று. கைப்பிடிக்குப் பதில் ஒரு மின்மோட்டாரை மாட்டினால், அந்த நொடியே அது தடைக்கு உட்பட்டதாகிவிடும். சடசடவென்று குண்டு பொழியும் இன்பத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு நுகர விரும்புபவருக்கு, இந்தக் கைப்பிடி ஒரு வாசல். அந்த வாசலுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

சரி, இந்த விலை நியாயமானதா? குருமடத்தில் நாம் கற்ற பழைய பாடம் ஒன்று இங்கே உதவுகிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் கொள்வினை கொடுப்பினையைப் பற்றிப் பேசும் இடத்தில், பொருளின் மதிப்புக்கு மேல் விற்பது அநீதி என்கிறார். வாங்குபவருக்கு அது இன்றியமையாதது என்பதைக் காட்டி விலையை ஏற்றவும் கூடாது. அந்தத் தேவை வாங்குபவருடையது, தன்னுடையதல்லாத ஒன்றை விற்பவர் எப்படி விற்க முடியும்? ஆழ்ந்த சிந்தனை. கொரோனாக் காலத்தில் உயிர்வளி உருளைக்கு ஏற்றிய விலையை நினைத்துப் பார்த்தால் அதன் கூர்மை விளங்கும். ஆனால், கேட்லிங் நகல் யாருக்கும் இன்றியமையாததன்று. அது இல்லாமல் எவரும் பட்டினி கிடப்பதில்லை. செய்பவர் ஏமாற்றவில்லை, நகலை நகல் என்றே சொல்லி விற்கிறார். வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். உழைப்பும் உலோகமும் மெய்யாகவே அதில் இருக்கின்றன. ஆகவே பரிமாற்ற நீதியின் தராசில் வைத்தால், இந்த விலையில் குற்றம் காண இயலாது என்பதே நம் கருத்து.

இன்னொன்றையும் அக்குவினாஸ், புனித அகுஸ்தினாரைச் சான்று காட்டிச் சொல்கிறார். பொருள்களின் விலை அவற்றின் இயற்கை உயர்வை ஒட்டி அமைவதில்லை. உயிருள்ள எலி உயிரற்ற தானியத்தைவிடப் படைப்பின் வரிசையில் மேலானது; ஆயினும் வீட்டில் தானியம் இருப்பதைத்தான் நாம் விரும்புகிறோம். விலை என்பது பொருளைப் பற்றிச் சொல்வதைவிட வாங்குபவரின் விருப்பத்தைப் பற்றியே மிகுதியும் சொல்கிறது. ஆகவே நகலுக்கு ஏன் இத்தனை விலை என்ற கேள்விக்குப் பட்டறைக் கணக்கு பாதி விடைதான். எதை விரும்பி வாங்குகிறார் என்பது மறுபாதி.

நம் பக்கத்திலும் நகல்களுக்கு விலை உண்டு. சுவாமிமலைச் சிற்பிகளிடம் ஆனந்த நடராசரின் வெண்கலத் திருமேனி ஒன்றைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசி உலர்த்தி, நெருப்பில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்துவிட வேண்டும். ஆகவே ஒரு கூட்டிலிருந்து ஒரு சிலைதான். பிறகு உளிவேலை வாரக்கணக்கில், பெரிய உருவமானால் மாதக்கணக்கில். சந்தை அச்சில் வார்த்த பித்தளைப் பொம்மையைவிடப் பன்மடங்கு விலை கேட்கிறார்கள் என்றால், மேலே நாம் சொன்ன அதே காரணங்கள்தாம்: கை, காலம், குறைந்த எண்ணிக்கை.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் நடந்ததோ நகலின் வரலாற்றிலேயே விசித்திரமானது. 1951-இல் மண்ணிலிருந்து கிடைத்த சோழர்காலத்து நடராசர் சிலையைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்கா சேர்ந்தது. நார்ட்டன் சைமன் என்பவரின் அமைப்பு 9 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. வழக்குக்குப் பின் 1986-இல்தான் இந்தியா வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உண்மை தெரியாமல் அந்த நகலின் முன் நின்று எத்தனை பேர் கண்ணீரோடு வேண்டியிருப்பார்கள்! அந்தக் கண்ணீர் நகலன்று. பிற சமயத்து அன்பர்களின் வழிபாட்டைக் குறித்து நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நகலாயினும் அதன்முன் வந்து நிற்போரின் மெய்யான அன்பை ஏற்றுக்கொண்டு அது வேறொன்றாகிவிடுகிறது என்பதே நாம் காண்பது. செய்தவனின் வஞ்சனையையும் மீறி அது நிகழ்ந்தது.

துப்பாக்கியின் நகலுக்கு முன் நிற்பவர் யார்? ஒருவருமில்லை. அங்கே இருப்பது மண்மேடும் காகித இலக்கும்தான். உறுத்தலும் நமக்கு அங்கேதான் தொடங்குகிறது. நகலைச் செய்பவர்கள் துல்லியத்துக்குப் பெயர்போனவர்கள். திருகாணியின் புரி பழைய அளவு. பித்தளையின் நிறம் பழைய நிறம். தோட்டாவும் அன்றைய அளவே, ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் மேல். அசலில் இருந்த எல்லாவற்றையும் நகலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், குழலுக்கு எதிரே நின்றவர்களைத் தவிர. 1879 ஜூலை 4-ஆம் நாள் உலுண்டியில் ஆங்கிலேயச் சதுரத்தின் முன்முகத்தின் நடுவில் இரண்டு கேட்லிங்குகள் இருந்தன. தோல் கேடயமும் ஈட்டியும் ஏந்தி ஓடிவந்த சுலு இளைஞர்களுக்கு அந்தக் கருவியின் விலை என்னவென்று தெரியும். அது எந்தப் பட்டியலிலும் அச்சாகவில்லை.

விலையில் எண்ணப்படாமல் போவது போர்க்கருவியில் மட்டும் நிகழ்வதன்று. பிச்சாவரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஜோசையா ஹீத் என்பவர் 1830-ஐ ஒட்டி இரும்பு ஆலை அமைத்தார். சேலத்துத் தாது, எரிக்க மரக்கரி. இரும்புக்கு விலை வைத்தபோது வெட்டிய காட்டுக்கு யாரும் விலை வைக்கவில்லை. மரக்கரி அரிதாகிக்கொண்டே போக ஆலையும் நலிந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரத்தின் சுரபுன்னையும் தில்லையும் தங்களுக்குப் பின்னாலிருந்த சிற்றூர்களைக் காத்தன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டின் விலை என்ன என்று அப்போதுதான் பலர் கேட்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘சுவாமி, இது விளையாட்டு, யாருக்கும் காயமில்லை, வரலாற்றைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆர்வம், அருங்காட்சியகத்தில் பீரங்கி வைப்பதில்லையா?’ நியாயமான கேள்வி. தரங்கம்பாடிக் கோட்டையருகே பழைய பீரங்கிகளின்மேல் குழந்தைகள் குதிரையேறுவதைக் கண்டு நாம் மகிழ்ந்திருக்கிறோம். ஓசையின்மேல் மனிதனுக்குள்ள ஆசையும் பாவமன்று. பங்குத் திருவிழாக் கொடியேற்றத்தின்போது அதிர்வேட்டு வேண்டாம், அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்போம் என்று சொல்லிப் பாருங்கள். இளைஞர்கள் முகத்தைப் பார்க்க முடியாது! அறவியல் ஒரு செயலை மூன்று வழியில் ஆராயச் சொல்கிறது: செயல் எது, நோக்கம் எது, சூழல் எது. காகிதத்தைச் சுடுவது செயல்; களிப்பு நோக்கம்; பாதுகாப்பான வெளி சூழல். மூன்றிலும் இதைப் பாவமென்று சொல்லும் துணிவு நமக்கில்லை.

ஆனால், அந்தக் கைப்பிடியைப் பற்றிச் சட்டம் சொன்னது நம் மனத்தை விட்டு அகலவில்லை. கை சுழற்றுவதால் இது எந்திரமன்று, ஆகவே கட்டுப்பாடு குறைவு என்கிறது சட்டம். அறவியலின் வழி நேர் எதிர். அறிந்தும் விரும்பியும் செய்வதே மனிதச் செயல். எவ்வளவுக்கு என் கை அதில் உண்டோ அவ்வளவுக்குப் பொறுப்பும் என்னுடையது. தானாக ஓடும் கருவிக்குப் பின்னாலிருப்பவனாவது, ஒருமுறைதான் அழுத்தினேன், மற்றது எந்திரத்தின் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய்தான், ஆனாலும் சொல்லிக்கொள்ளலாம். கைப்பிடியைச் சுழற்றுபவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒவ்வொரு குண்டும் அவன் மணிக்கட்டைக் கடந்தே போகிறது. எந்தச் சுற்றிலும் நிறுத்தியிருக்கலாம். சட்டம் சலுகையாகக் கண்ட அதே கையை மனச்சான்று சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. 1946-க்குப் பின் அமெரிக்கப் பொறியாளர்கள் இந்தப் பழைய சுழல்குழல் அமைப்பை மீண்டும் எடுத்து, மின்விசையால் ஓடவிட்டு, போர் விமானங்களில் பொருத்தினார்கள். அங்கே முதலில் கழற்றப்பட்டது கைப்பிடிதான்.

கைக்கு விலை என்று பேசியதால் இதையும் சொல்லிவிடுவோம். பிச்சாவரத்தின் அகன்ற நீர்ப்பரப்பில் விசைப்படகு ஓடும். மரங்கள் தலைக்கு மேல் கூரை வேய்ந்த குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அங்கே வேர்களில் இடிக்காமல், ஓதமும் வற்றமும் அறிந்து, குனிந்தும் நிமிர்ந்தும் படகைத் திருப்பும் கைக்கு எந்தப் பட்டறைக் கைக்கும் குறையாத தேர்ச்சி உண்டு. அதன் விலை ஏன் அத்தனைக் குறைவு? அந்தத் தேர்ச்சி அக்கரை ஊர்களில் பலருக்கும் இருக்கிறது. வாங்குபவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பொருள் ஒன்றும் இல்லை. விற்பவரோ நாளைவரை காத்திருக்க முடியாதவர். கூலியை வெறும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட முடியாது, உழைப்பவர் வாழ்வதற்குப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதியதற்குக் காரணம் இப்படிப்பட்ட காத்திருக்க முடியாமைதான். அக்குவினாஸ் வாங்குபவரின் தேவையைச் சுரண்டாதே என்று விற்பவரிடம் சொன்னார். இங்கே விற்பவரின் தேவையைச் சுரண்டுவது வாங்குபவர். சுற்றுலா வருவோர் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எழுதிய கட்டணத்தை வாய் திறவாமல் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சற்று உள்ளே, அந்தச் சுரபுன்னை வளைவு வரை கொண்டுபோங்கள் என்று துடுப்புக்காரரிடம் கேட்கும்போதுதான் பேரம் தொடங்குகிறது. கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்டால் முப்பது என்கிறார்கள்.